பேட் மாற்றுவது பாதி, பழக்குவது மீதி

நெகிரி செம்பிலானில் பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு பிரேக் பேட் தேய்வது புதுச் செய்தி இல்லை. ஜெராம் பாடாங் பக்கமிருந்து டவுனுக்கு வந்து போகிற மோட்டார் செம்மண்ணில் கொஞ்சம், தாரில் கொஞ்சம் ஓடுகிறது. மழை பெய்தால் செம்மண் கூழாகி முன் சக்கரத்தோடு சுற்றி, பேட்டுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் போய் உட்காரும். வெயில் வந்ததும் காய்ந்து, பேட்டையும் அது கவ்வும் டிஸ்க் தட்டையும் சேர்த்து அரைக்கும். போதாக்குறைக்கு சிரம்பானில் வேலை என்றால் பத்து கிக்கிர், கோலப் பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் வேறு இருக்கிறது. அங்கே ஏற்றம் என்ஜினுக்கு, இறக்கம் பிரேக்குக்கு. மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஸ்பானாவைத் தொடுங்கள்.

பேட் மாற்றுவது கஷ்டமான வேலை கிடையாது. சைக்கிளுக்கு டயர் மாற்றிப் பழகியவர் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஆனால் வீட்டில் செய்கிற வேலை இரண்டு இடத்தில் கெடுகிறது. ஒன்று, மண் படிந்த பிஸ்டனைத் துடைக்காமல் அப்படியே உள்ளே தள்ளுவது. இன்னொன்று, புதுப் பேட்டைப் போட்ட கையோடு பழைய வேகத்தில் பறந்துவிட்டு, ‘கடைக்காரர் மட்டமான சாமான் கொடுத்துவிட்டார்’ என்று திட்டுவது. மற்றதையெல்லாம் ஓரளவு சுருக்கமாகச் சொல்லி, இந்த இரண்டில் நிதானமாக நிற்கப் போகிறேன்.

முதலில் உங்கள் மோட்டாரைப் பாருங்கள். தோட்டத்தில் அதிகம் ஓடும் ஹோண்டா இஎக்ஸ் 5-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதற்குள் இருப்பது பிரேக் ஷூ. அது வேறு வேலை, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. வேவ் 125, எல்சி 135, ஒய் 15 போன்றவற்றில் முன்னால் டிஸ்க் இருக்கும். மொடெனாஸ் கிரிஸ் என்றால் மாடலைப் பொறுத்தது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கண்ணுக்குத் தெரிந்தால் மேலே படிக்கலாம்.

தேய்ந்துவிட்டதா?

கைப்பேசி விளக்கை காலிப்பருக்குள் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பேட் இருக்கும். பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதில் ஒட்டிய உராய்வுப் பொருளும். அந்த உராய்வுப் பொருளில் வெட்டியிருக்கும் பள்ளம் மறையும் நிலைக்கு வந்துவிட்டாலோ, தடிப்பு 1 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டாலோ மாற்றிவிட வேண்டியதுதான். இரண்டு பேட்டையும் பாருங்கள். வெளிப்பக்கம் தடிப்பாக இருக்கிறது என்று திருப்தியாக எழுந்து போகிறவர்கள் உண்டு. உள்பக்கம் இரும்பைத் தொட்டிருக்கும். இரண்டும் ஒரே சீராகத் தேயாமல் ஒன்று மட்டும் கரைந்திருந்தால் காலிப்பர் சரியாக நகரவில்லை என்று அர்த்தம். அதற்கான வைத்தியம் கீழே வருகிறது.

பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசும் ‘கிரீச்’ சத்தம் வந்தால் தேதி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றோடு மோட்டாரை நிறுத்திவிடுங்கள். 

ஹேண்டிலில் பிரேக் எண்ணெய் நிற்கும் மாஸ்டர் பம்பின் சின்னக் கண்ணாடியையும் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்கும். ஆகவே தேய்ந்த பேட் உள்ள மோட்டாரில் பிரேக் எண்ணெய் குறைந்து தெரிவது இயல்பு. இதைக் கசிவு என்று நினைத்து மேலே ஊற்றி நிரப்பிவிட்டால், புதுப் பேட்டுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அத்தனையும் பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்னும். காலிப்பரைச் சுற்றியோ டியூப் முனையிலோ ஈரம் தெரிந்தால் அது நிஜமான கசிவு. லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பட்டறைதான். முதல் முறை செய்கிறவர் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது

பழைய பேட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ‘இதே மாதிரி கொடுங்கள்’ என்று கேட்பது நல்ல வழிதான். ஆனால் கடைக்குப் போகிற வாகனமே அந்த மோட்டார் என்றால் எப்படி? காலிப்பரை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தௌக்கே, அதாவது கடை முதலாளி, கேட்கும் முதல் கேள்வி ‘மாடல் என்ன, என்ன வருஷம்?’ என்பதாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் வந்த மோட்டாருக்கு வருஷத்துக்கு வருஷம் காலிப்பர் மாறியிருக்கலாம், அதனால் தெரியாமல் ‘தெரியும்’ என்று சொல்லாதீர்கள்.

ஆர்கானிக், செமி மெட்டல், சின்டர்ட் (உலோகத் தூளை அழுத்திச் சுட்டது) என்று வகை இருக்கிறது. கப்சாய் எனும் சின்ன மோட்டாரின் மெல்லிய டிஸ்க்குக்கு மோட்டாரோடு வந்த வகையே போதும். சின்டர்ட் சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கைச் சீக்கிரம் தின்றுவிடும். சில பேட்டுகளின் முதுகில் எஃப்எஃப், ஜிஜி, எச்எச் என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் பிடிக்கும் பலம், இரண்டாவது சூடேறிய பிறகு பிடிக்கும் பலம். எழுத்து ஏற ஏறப் பிடி கூடும். கூடுதல் பிடி எல்லாருக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம். ஈரச் செம்மண்ணில் முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் விழுவது நீங்கள்.

கூடவே ஒரு டின் பிரேக் கிளீனர் ஸ்பிரே, ஒரு சின்னப் பொட்டலம் பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ். பிரேக் எண்ணெய் வாங்குவதானால் மாஸ்டர் பம்ப் மூடியைப் படியுங்கள்: எண்ணெயின் தரம் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கானால் ஆனது, இவற்றோடு கலக்கக் கூடாது. 

வீட்டில் இருக்க வேண்டியவை: சரியான அளவு சாக்கெட் அல்லது வளைய ஸ்பானா, ஆலன் கீ, பழைய பல்துலக்கி, கந்தல் துணி, ஒரு முழம் கம்பி, ஒரு வாளித் தண்ணீர். நட்சத்திரத் தலைத் திருப்புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பான் மோட்டார்களின் மாஸ்டர் பம்ப் மூடி ஸ்குரூ மெத்தென்ற உலோகம், அதன் வெட்டு ஜேஐஎஸ் எனும் ஜப்பான் தர அளவு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய திருப்புளி அதில் சரியாக உட்காராது. இரண்டு சுற்றில் தலை வழுக்கிவிடும்.

நேரத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை மதியமே தொடங்கிவிட்டால், ஏதாவது ஒரு போல்ட் முரண்டு பிடித்தாலும் டவுனில் கடை திறந்திருக்கும். ஞாயிறு காலை தோட்டத்துச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும், பேட் பழக்க அதைவிட நல்ல வேளை கிடையாது.

கழற்றுவது

மோட்டாரை சிமெண்டுத் தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். முன் சக்கரத்தையும் காலிப்பரையும் தண்ணீர் விட்டுக் கழுவிச் செம்மண்ணை இறக்கிவிடுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய பேட்டின் தூள் நெஞ்சுக்குப் போகக் கூடாத சாமான், அதை ஈரத்தோடு துடைத்தெடுப்பதே நல்லது.

காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பே, பேட்டுகளை ஊடுருவி நிற்கும் ஆணியைக் கொஞ்சம் இளக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஹோண்டாக்களில் அதன் முன்னால் ஒரு சின்ன மூடி ஸ்குரூ இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும். காலிப்பர், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இறுகியிருக்கும்போது இந்த ஆணி சுலபமாகத் திரும்பும். காலிப்பரைக் கையில் எடுத்துவிட்ட பிறகு திருப்பப் போனால் மொத்தமும் சேர்ந்து சுற்றும்.

பிறகு ஃபோர்க்கில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை டிஸ்க்கை விட்டு மெல்ல உருவுங்கள். அதன் எடை பிரேக் டியூபில் தொங்கக் கூடாது. கம்பியால் ஹேண்டிலிலோ மட்கார்டிலோ கட்டித் தொங்கவிடுங்கள். ஆணியை முழுவதும் உருவினால் பேட்டுகள் கையோடு வரும். வருவதற்கு முன் ஒரு படம்: எந்தப் பேட் எந்தப் பக்கம், மெல்லிய ஸ்பிரிங் தகடு எந்தத் திசையில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது, பேட்டின் முதுகில் தனித் தகடு உண்டா. அந்த ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டு ‘லொட லொட’ என்று ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம்.

இனிமேல் பேட் இல்லாமல் பிரேக் லீவரைப் பிடிக்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள், லீவரைக் கண்டால் அவர்களுக்குக் கை பரபரக்கும்.

பிஸ்டன்: அவசரப்படக் கூடாத இடம்

காலிப்பருக்குள் பாருங்கள். வட்டமாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் பிஸ்டன். நீட்டிய பகுதியைச் சுற்றிச் செம்மண்ணும் கறுப்புத் தூளும் சேர்ந்து ஒரு பழுப்பு வளையம் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு இறுகியிருக்கும்.

பிஸ்டனைச் சுற்றி உள்ளே சதுர வெட்டு உடைய ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அந்த ரப்பர் லேசாகத் திருகும். லீவரை விட்டதும் அது தன் பழைய வடிவத்துக்கு வரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இதனால்தான், தனியாக எந்த ஸ்பிரிங்கும் பின்னால் இழுப்பதில்லை. மண் வளையத்தோடு பிஸ்டனைத் தள்ளினால் அந்த மண் நேராக இந்த ரப்பரில் போய் உட்காரும். ரப்பர் கீறிக்கொண்டால் எண்ணெய் கசியும். கீறாவிட்டாலும் பிஸ்டன் இறுகிப்போய்ப் பின்வாங்காது. பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், பெட்ரோல் கூடப் போகும், புதுப் பேட் சில வாரத்திலேயே கரையும்.

ஆகவே பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிஸ்டனைச் சுற்றித் தேயுங்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, துணியை நாடா போலக் கிழித்து பிஸ்டனைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் மாறி மாறி இழுத்தால் அங்கும் சுத்தமாகும். உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு காய விடுங்கள். துரு பிடித்துக் குழி விழுந்திருந்தால் தள்ள வேண்டாம். அந்தப் பிஸ்டன் மாற்ற வேண்டியது, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டத்தில் எதைச் சுத்தம் செய்யவும் பெட்ரோல், டீசல், இல்லையென்றால் டபிள்யூடி 40. செயினுக்குச் சரி, இங்கே கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். மிஞாக் ஈத்தாம் எனும் கறுப்பு எண்ணெயும் அதே கதைதான். காலிப்பருக்கு நல்லது செய்கிறேன் என்று யாராவது அதில் ஒரு சொட்டு விட வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

இப்போது ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் பம்ப் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். சுற்றிலும் ஈரத் துணி போர்த்தி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வையும் எடுங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன் முகத்தில் வைத்து, கட்டை விரல்களால் நேராக, மெதுவாக அழுத்துங்கள். வராவிட்டால் ஜி கிளாம்ப் வைத்துத் திருகலாம். திருப்புளி முனையால் பிஸ்டனை நேரடியாக நெம்ப வேண்டாம். இரண்டு பிஸ்டன் இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றது வெளியே வரும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கண் மாஸ்டர் பம்ப் மேல் இருக்கட்டும். எண்ணெய் விளிம்பை நெருங்கினால் துணியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்ட்டில் சிந்திவிட்டால் பயப்பட வேண்டாம், உடனே தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். தண்ணீர் வாளி அதற்குத்தான். மூடியை உடனே திருப்பிப் போட்டுவிடுங்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் ஈரத்தைக் கேட்கவே வேண்டாம். புது டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய எண்ணெய்க்குத் தர விதி கேட்கும் கொதிநிலையோ குறைந்தது 155 டிகிரி மட்டும்தான். நீண்ட இறக்கத்தில் லீவர் திடீரென்று தொய்ந்து போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய எண்ணெய் கொதித்து ஆவியாவதால்தான்.

காலிப்பர் இடமும் வலமும் சறுக்கி நகர இரண்டு ஆணிகள் ரப்பர் உறைக்குள் இருக்கும். உருவிப் பார்த்து, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போடுங்கள். ஒரு பேட் மட்டும் கரைவதற்கு முக்கியக் காரணம் இந்த ஆணிகள் காய்ந்து இறுகிக்கொள்வதுதான். 

பூட்டுவது

டிஸ்க்கின் ஓரத்தில் அல்லது மையத்தில் குறைந்தபட்சத் தடிப்பு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட் போட்டுப் பயனில்லை. சரியாக இருந்தால் நடுத்தர உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பழைய மினுமினுப்பை எடுத்துவிட்டு, பிரேக் கிளீனரை அடித்துச் சுத்தத் துணியால் துடைக்கவும். ஸ்பிரேயை வெளியில், காற்றோட்டத்தில், சிகரெட் இல்லாமல் அடிக்க வேண்டும்.

புதுப் பேட்டின் உராயும் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பொருத்துங்கள். பேட்டின் ஒரு முனை காலிப்பரில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் மறுமுனையில் ஆணிக்குத் துளை நேராக வரும். துளை நேராகவில்லை என்றால் ஸ்பிரிங்குக்கு எதிராகப் பேட்டை அமுக்கிப் பிடித்து ஆணியை நுழையுங்கள். காலிப்பரை டிஸ்க் மேல் ஏற்றி, போல்ட்டுகளை முதலில் விரலாலேயே பல சுற்று ஏற்றுங்கள். விரலில் ஏறாத போல்ட் கோணலாக நிற்கிறது என்று பொருள். ஃபோர்க் அலுமினியம், அதன் மரை போனால் செலவு பெரிது. பெரும்பாலான கப்சாய்களில் இந்தப் போல்ட்டுக்கு 30 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் சொல்வார்கள், உங்கள் மோட்டாரின் கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானா இல்லாதவர்கள் பட்டறையில் ஒரு தடவை இறுக்கிக் காட்டச் சொல்லிக் கையில் அந்த உணர்வை வாங்கிக்கொள்ளலாம். கடைசியாகப் பேட் ஆணியை இறுக்கி, அதன் மூடியைப் போடுங்கள்.

மோட்டாரை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பிடித்துப் பாருங்கள். முதல் பிடியில் அது ஹேண்டில் வரை சும்மா போகும், பிரேக்கே இருக்காது. பிஸ்டன் இன்னும் உள்ளே இருக்கிறது. மெதுவாகத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி, கடைசியில் கல்லாக நிற்கும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் போட்டு வாசலைத் தாண்டியவர்தான் எதிர்வீட்டு வேலியில் போய் நிற்பார். லீவர் கெட்டியான பிறகு எண்ணெய் அளவைப் பாருங்கள், கீழ்க்கோட்டுக்கு மேல் இருந்தால் போதும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ‘ஸ்ஸ்’ என்று லேசாக உரசிக்கொண்டு சுற்றலாம், இறுகி நிற்கக் கூடாது.

பழக்குவது

புதுப் பேட்டின் முகமும் பழைய டிஸ்க்கின் முகமும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும், பேட் அதில் சில இடங்களை மட்டும் தொடும். அதோடு பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராக ஏற வேண்டும். அந்தப் படலத்தில்தான் நல்ல பிடி வருகிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான், முதல் நாளே சூட்டை ஏற்றித் தோசை வார்த்தால் ஒட்டிக்கொண்டு கந்தரகோலமாகும்.

இடம் தார்ச் சாலையாக, நேராக, ஆள் நடமாட்டம் இல்லாததாக இருக்க வேண்டும். செம்மண்ணில் பழக்க முடியாது, சக்கரம் சறுக்கும், தூசியும் ஏறும். ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் ஓடும் நேரத்தைத் தவிருங்கள். அவை சிந்திவிட்டுப் போகும் உதிரிச் செம்பனைப் பழம் நசுங்கிக் கிடக்கும் இடமும் வேண்டாம், எண்ணெய் வழுக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் கண்ணை வைத்திருங்கள். மழை வேண்டாம். பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். தலைக்கவசம் வழக்கம்போல.

முதலில் மெதுவாக ஓட்டிச் சில தடவை லேசாகப் பிடித்துப் பிரேக் வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 50 கிலோமீட்டர் வேகம் எடுத்து, முன் பிரேக்கை நடுத்தர அழுத்தத்தில், சீராகப் பிடித்து 10 வரை இறக்குங்கள். முழுவதும் நிற்க வேண்டாம். லீவரை விட்டுவிட்டு மறுபடி வேகம் எடுத்துக் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள், காற்றில் டிஸ்க் ஆறட்டும். இப்படிப் பத்துத் தடவை. இடையில் லேசாகக் கருகிய வாடை வரலாம். பேட்டில் உள்ள பிசின் சூடேறுவதால் வருவது அது, பயப்பட ஒன்றுமில்லை. புகை வந்தாலோ லீவர் தொய்ந்தாலோ நிறுத்தி ஆற விடுங்கள். கடைசித் தடவைக்குப் பிறகு உடனே நிறுத்தி லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டிப் படலம் திட்டாகிவிடும், பின்னர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லீவர் அதிரும். மெதுவாக ஓட்டியே வீட்டுக்கு வந்து, பக்க ஸ்டாண்டில் போட்டுத் தானாக ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

பழகிய டிஸ்க்கைப் பார்த்தால் தெரியும்: பளபளப்பு அடங்கி, முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இன்னொரு காலையும் இதே மாதிரி ஓட்டுங்கள். முதல் 200 கிலோமீட்டர் வரை முன்னால் போகிற வண்டியோடு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள். அதற்கு முன் புக்கிட் புத்துஸ் பக்கம் போக வேண்டிய கட்டாயம் வந்தால், மேலேயே கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையில் இறங்குங்கள்.

முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு காலிப்பர் போல்ட்டை ஸ்பானா வைத்து ஒரு முறை சரிபார்த்து, காலிப்பர் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லேசான சத்தம் சில நாளில் அடங்கும். அடங்காமல் பிடியும் குறைந்தால் பேட்டில் எண்ணெய் பட்டிருக்க வாய்ப்பு அதிகம், செயினுக்கு அடித்த ஸ்பிரே பறந்து வந்து படுவதும் உண்டு. எண்ணெய் ஊறிய பேட்டைத் தீயில் காட்டி மீட்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மீட்டதை முன் சக்கரத்தில் போட நான் ஒப்ப மாட்டேன். டிஸ்க்கைக் கிளீனரால் துடைத்துவிட்டு இன்னொரு செட் வாங்குங்கள், இந்த முறை கழற்றிய பேட்டைக் கையோடு கொண்டுபோகலாம், யாராவது பின்னால் ஏற்றிக்கொண்டு போனால்.